கைத்துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் (உறையில்) திரும்ப வைக்கும்போது பார்த்தவை: க்ளாக், 1911, பெரெட்டா பிஸ்டல்கள்

டல்லஸ்காரன்:
டெக்சாஸ் ரேஞ்ச் ஒன்றில் பார்த்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. க்ளாக் 19, முன்வயிற்றுப் பக்கம் ஹோல்ஸ்டர், மேலே குளிர் ஜாக்கெட். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது ஜாக்கெட் நாடாவின் பிளாஸ்டிக் குமிழ் ட்ரிகர் கார்டுக்குள் (விசையைச் சுற்றிய வளையத்துக்குள்) புகுந்துவிட்டது. பயிற்சியாளர் "நிறுத்து" என்று கத்த, துப்பாக்கி வைத்திருந்தவர் கை அப்படியே நின்றது. க்ளாக்கில் ட்ரிகர் நடுவே உள்ள நாக்கு, ஃபயரிங் பின் (குண்டைத் தட்டும் ஊசி) தடை, கீழே விழுந்தால் காக்கும் தடை என மூன்று சேஃப்டி உண்டு. ட்ரிகர் முழுதாகப் பின்னால் போனால் மூன்றுமே விலகிவிடும், குமிழ் அழுத்தினாலும்தான். சுமார் ஐந்தரை பவுண்டு அழுத்தம், அரை அங்குல நகர்வு.

காஞ்சி_கனெக்டிகட்:
இதற்குத்தான் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி லீவர். 1911-ல் அது மேலே இருக்கும்வரை குமிழ் எவ்வளவு அழுத்தினாலும் ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கும் பின்பக்கச் சுத்தியல்) விழாது.

பெரெட்டா92:
மேலே சொன்னவரோடு ஒத்துப்போக முடியவில்லை. 1911 பழக்கமுள்ள ஒருவர் இரவல் பெரெட்டா 92எஃப்எஸ்ஸை உருவினார், பழக்கத்தில் லீவரைக் கீழே தட்டினார். 1911-ல் கீழே என்றால் சுடத் தயார், 92எஃப்எஸ்ஸில் கீழே என்றால் சேஃப். ட்ரிகர் தொளதொளவென்று ஆடியது, குண்டு வரவில்லை. நிஜ ஆபத்தில் அந்த விநாடி என்னாகும்? 92எஃப்எஸ் போன்ற டிஏ/எஸ்ஏ (முதல் இழுப்பு ஹேமரைப் பின்னால் தூக்கியும் விடும், அடுத்தவை விட மட்டும்) துப்பாக்கியின் நன்மை வேறு: செருகும்போது ஹேமர்மேல் கட்டைவிரலை வைத்தால் ட்ரிகரில் எதுவும் சிக்கியதுமே ஹேமர் பின்னால் நகர்வது விரலில் தெரியும். ஒரே தொல்லை, முதல் இழுப்பு பத்து பவுண்டுக்கு மேல், இரண்டாவது அதில் பாதிதான். முதல் இழுப்பைத் தனியாகப் பழகாவிட்டால் முதல் குண்டு எங்கோ போகும்.

கோவை_ராலே:
எந்த சிஸ்டம் என்று சண்டை போடுவதைவிட இதைப் பழகுங்கள் நண்பர்களே. இடது கையால் ஜாக்கெட்டையும் சட்டையையும் நெஞ்சுவரை தூக்கிப் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் ஸ்லைடு (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) ஓரம் நீட்டியே இருக்கட்டும். ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பார்த்து மெதுவாகச் செருகுங்கள். சின்னத் தடை பட்டாலும் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். பழைய தோல் ஹோல்ஸ்டரின் வாய் தளர்ந்து உள்ளே மடியும், அந்த மடிப்பே ட்ரிகரை இழுக்கும். அப்படியானால் தூக்கிப் போட்டுவிட்டு கைடெக்ஸ் (விறைப்பான பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் வாங்குங்கள். கிளிப் வகையென்றால் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் வைத்து, ட்ரிகர் மூடிய பிறகு இடுப்பில் மாட்டுவது இன்னும் நல்லது.

க்ளாக்கைப் பிரிக்க ட்ரிகரை இழுத்தே ஆகவேண்டும். எனவே முதலில் மேகசினை (குண்டுகள் அடுக்கிய பெட்டியை) கழற்றுங்கள், பிறகே ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால் மேகசினின் மேல் குண்டு சேம்பருக்குள் (குழலின் பின்முனை அறைக்குள்) ஏறிவிடும், பின்னால் மேகசினை எடுத்தும் பயனில்லை. ஸ்லைடைத் திறந்து வைத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல்நுனியாலும் தொட்டுப் பாருங்கள். குண்டுகள் வேறு அறையில் இருக்கட்டும்.

டல்லஸ்காரன்:
சிக் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரிந்ததும், 2017-ல் நிறுவனமே ட்ரிகரை எடை குறைந்ததாக இலவசமாக மாற்றித் தந்தது. பழைய ட்ரிகர், விழும் வேகத்தில் தன் எடையாலேயே பின்னால் நகர்ந்துவிடும். பழையதாகக் கைமாறி வந்த துப்பாக்கி என்றால், அந்த மாற்றம் நடந்ததா என்று சீரியல் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.