தியானத்தில் கைகள் தாமாக ஒரு நிலைக்குப் போகின்றன. அதையே வைத்துக்கொள்ளலாமா?

கேட்பவர்: நிழல்கொடி

வணக்கம். சில வருடங்களாகக் காலையில் தியானம் செய்து வருகிறேன். தீட்சை எதுவும் வாங்கியதில்லை. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பதுதான் என் பயிற்சி.

ஆரம்பத்தில் எல்லோரையும்போல நானும் சின்முத்திரைதான் (கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தொட்டு, மற்ற மூன்றும் விலகி நிற்பது) வைத்தேன். போகப் போக, மனம் அடங்கத் தொடங்கியதும் கைகள் வேறு நிலைக்கு நகர்ந்துவிடுகின்றன. இடது கட்டைவிரல் மோதிரவிரலின் அடியில், அது உள்ளங்கையோடு சேரும் ரேகையில் போய் அமர்கிறது. மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் தளர்வாக மடிகின்றன. வலது உள்ளங்கை தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் படிகிறது. இதை நான் யோசித்துச் செய்வதில்லை. ஆனால் அப்படி அமர்ந்தபின் மூச்சு கீழிறங்கி நீளமாவது தெளிவாகத் தெரிகிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து தியானம் செய்வதுண்டு. அங்கே மூத்தவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "நாமே உண்டாக்கிய முத்திரை பிராணனைத் தவறான வழியில் திருப்பிவிடும், உடனே விடு" என்றார். அன்று முதல் கையைப் பிடித்துச் சின்முத்திரையிலேயே வைத்திருக்கிறேன். இப்போது தியானம் முழுக்கக் கையைக் காவல் காப்பதிலேயே போகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அக்கா தலைவலியோடு படுத்திருக்கும்போது அவள் நெற்றிக்குச் சற்று மேலே உள்ளங்கையைப் பிடிப்பேன். கை நன்றாகச் சூடாகும். அதற்கு முன் என்னுடைய இந்தக் கைநிலையில் கொஞ்ச நேரம் அமர்ந்தால் அந்தச் சூடு சீக்கிரம் வருகிறது. இது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: அகல்விளக்கு

சகோதரி, நான் மந்திர உபாசனையில் இருப்பவன். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பூஜையில் வரும் முத்திரைகளை நம் விருப்பத்துக்கு மாற்றக் கூடாது. அவை மந்திரத்தோடும் நியாசத்தோடும் (மந்திரம் சொல்லி உடலின் இடங்களைத் தொடுவது) சேர்த்துக் குரு கொடுப்பவை. உதாரணமாக மனத்தாலேயே செய்யும் மானச பூஜையில் 'லம்' என்று சொல்லிப் பிருதிவி தத்துவமாகக் கந்தம் சமர்ப்பிக்கும்போது சுண்டுவிரல், 'ஹம்' என்று ஆகாச தத்துவமாகப் புஷ்பம் சமர்ப்பிக்கும்போது கட்டைவிரல். 'யம்' வாயு, ஆள்காட்டிவிரல். 'ரம்' அக்னி, நடுவிரல். 'வம்' அமிர்தம், மோதிரவிரல். விரலை மாற்றினால் அந்தக் கிரியையின் பொருளே கலைந்துவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முத்திரைப் படங்களில் பரவலாகப் போடுகிறார்களே, கட்டைவிரல் நெருப்பு, நடுவிரல் ஆகாயம், மோதிரவிரல் நிலம், சுண்டுவிரல் நீர் என்று, அந்தக் கணக்கு நான் மேலே சொன்னதோடு பொருந்தாது. இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஆள்காட்டிவிரலும் காற்றும் மட்டும்தான். ஆகவே 'இந்த விரலுக்கு இந்தப் பூதம், மாற்றினால் பிராணன் திரும்பிவிடும்' என்று யாராவது பொதுவிதியாகச் சொன்னால், எந்த மரபின்படி என்று பணிவாகக் கேளுங்கள். ஒரு மரபுக்குள் அதன் கணக்கு முழுமையானது. வெளியே எடுத்துவந்து இன்னொருவரை அதால் பயமுறுத்துவது தகாது.

நீங்கள் கிரியை எதுவும் செய்யவில்லை, மூச்சைத்தான் கவனிக்கிறீர்கள். கை எங்கே அமைதியாக இருக்கிறதோ அங்கே இருக்கட்டும். நாளைக்கு ஒரு குருவிடம் உபதேசம் வாங்கினால், அவர் காட்டும் முத்திரையை அந்த ஜபத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் இதையும் கலக்காதீர்கள்.

---

பதில்: மணிக்கட்டு

நிழல்கொடி, நான் கைகளுக்கு மட்டும் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்து தைத்தவர்கள், நரம்பு அழுந்தி விரல் மரத்தவர்கள், பக்கவாதத்தில் கை இறுகிப்போனவர்கள், இவர்களின் கைகளைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் நாள் முழுக்க வேலை. தியானமும் செய்கிறேன். அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் சும்மா போக முடியவில்லை.

முதலில், உங்கள் கைநிலை நீங்கள் நினைக்கிற அளவுக்குப் புதிதில்லை. கட்டைவிரலை மோதிரவிரலின் அடியில் வைத்து மற்ற விரல்களால் மூடிக்கொள்வது தாவோ மரபில் மிகப் பழைய கைநிலை. சீன மொழியில் 'வோ கு' என்பார்கள். அந்த மரபின் மூலநூலான தாவோ தே ஜிங்கின் 55ஆம் அத்தியாயத்தில் கைக்குழந்தையைப் பற்றி ஒரு வரி வரும்: எலும்பு மெல்லியது, தசை இளகியது, ஆனால் பிடி உறுதியானது. அங்கே வரும் சொல்லும் இதுதான். நம் யோகப் பயிற்சிகளில் ஆதி முத்திரை என்று சொல்வதிலும் கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்குப் போகும், விரல்கள் அதன்மேல் மடியும். உங்களுடையதிலிருந்து ஒரு விரல்தான் தள்ளி.

உங்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. உங்கள் கையே அங்கே போயிருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான். கைக்கு ஓய்வான நிலைகள் எண்ணற்றவை கிடையாது. தூங்கும் ஒருவரின் கையைப் பாருங்கள்: மணிக்கட்டு லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும், ஆள்காட்டிவிரல் கொஞ்சம் மடங்கியிருக்கும், நடுவிரல் அதைவிடக் கூடுதலாக, மோதிரவிரல் இன்னும் கூடுதலாக, சுண்டுவிரல் எல்லாவற்றையும்விட அதிகமாக மடங்கியிருக்கும். ஆரோக்கியமான கை தளர்ந்தால் அந்த வரிசையில்தான் விழும். தைத்த தசைநாண் சரியான இழுப்பில் இருக்கிறதா என்று அறுவை அரங்கில் பார்ப்பதற்குக்கூட இந்த வரிசைதான் ஓர் அடையாளம். உங்கள் இடது கை அப்படித் தளர்ந்து, கட்டைவிரல் பக்கத்தில் இருந்த இடத்தில் போய்த் தங்கியிருக்கிறது. பல தேசங்களில் பல நூற்றாண்டுகளாகத் தியானத்தில் அமர்ந்தவர்களின் கைகளும் இதே வட்டாரத்தில்தான் வந்து நின்றிருக்கின்றன.

சின்முத்திரையைக் குறைத்துச் சொல்லவில்லை. தட்சிணாமூர்த்தியின் கையில் இருப்பது அது. பெருவிரல் இறை, சுட்டுவிரல் உயிர், விலகி நிற்கும் மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்று சைவ சித்தாந்தம் படித்தவர்கள் சொல்லும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஆனால் நிறையப் பேர் அந்த மூன்று விரல்களையும் குச்சிபோல விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். நடு, மோதிர, சுண்டு விரல்களை நீட்டும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று இணைந்திருப்பவை. அதனால்தான் மோதிரவிரலை மட்டும் தனியாகத் தூக்குவது அத்தனை கடினம். (மேசையில் உள்ளங்கையை வைத்து, நடுவிரலை மடக்கிக்கொண்டு முயன்று பாருங்கள்.) அவற்றை நீட்டிய நிலையிலேயே பிடித்திருக்க முன்கைத் தசைகள் விடாமல் வேலை செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் முழங்கைக்குக் கீழே வலிக்கும், தோள் ஏறும், மூச்சு மேலே போகும். விரல்களை இயல்பாக வளையவிட்டால் சின்முத்திரையும் சுகமானதுதான்.

கையைக் காவல் காக்கிறேன் என்றீர்களே, எனக்குக் கவலை தந்த வரி அதுதான். கைநிலையின் வேலை கவனத்தைத் தாங்குவது. அதுவே கவனத்தைத் தின்னத் தொடங்கினால் அந்த நிலை எவ்வளவு புனிதமானதாக இருந்தாலும் அன்றைக்கு உங்களுக்கு உதவவில்லை.

கை ஏன் கவனத்தைத் தாங்குகிறது? 1930களில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் பரப்பை லேசான மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் உடலின் எந்தப் பகுதிக்கு என்று வரைபடம் போட்டார். கைக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடம், முதுகு முழுமைக்கும் கிடைத்ததைவிட மிகப் பெரியது. விரல்நுனியில் இரண்டு ஊசிமுனைகளை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். முதுகில் அதற்குச் சில சென்டிமீட்டர் வேண்டும். மனம் வந்து உட்கார இவ்வளவு நுண்ணிய இடம் உடலில் வேறு எங்கே இருக்கிறது, உதடும் நாக்கும் தவிர?

ஆனால் தொடுதல் மெல்லியதாக இருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் தோலின் உணர்வு சீக்கிரம் மங்கிவிடும், அப்புறம் கையே இல்லாததுபோல் ஆகும். ஜென் தியானத்தில் இதற்கு அருமையான வழி வைத்திருக்கிறார்கள். வலது கையின்மேல் இடது கை, இரண்டு கட்டைவிரல் நுனிகளும் பட்டும் படாமலும். தூக்கம் வந்தால் கட்டைவிரல்கள் சரியும், மனம் முறுக்கினால் கூரைபோல மேலே குவியும். கையைப் பார்த்தே ஆசிரியர் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வார். உங்கள் கட்டைவிரலும் அப்படிச் சொல்லும். மோதிரவிரலின் அடியில் அது அழுத்தத் தொடங்கினால் உங்களுக்குள் ஏதோ இறுகுகிறது என்று பொருள். அப்போது கையைத் திருத்தாதீர்கள், மூச்சைக் கவனியுங்கள், கை தானாக இளகும்.

என் ஆலோசனை இதுதான். அந்த நிலையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தியானத்துக்கு மட்டும். தொலைக்காட்சி பார்க்கும்போதும் பயணத்திலும் அதே நிலையில் கையை வைத்துப் பழகினால் அதன் கூர்மை போய்விடும். தியானத்துக்கு என்றே ஒதுக்கிவைத்தால், கை அங்கே போனதுமே மூச்சு இறங்கும் அளவுக்கு உடம்பு பழகிவிடும். உங்களுக்கு அது ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

பதில்: கூழாங்கல்

அக்காவுக்குக் கை வைப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ரெய்கி (கை வைத்துச் செய்யும் ஜப்பானிய முறை) செய்பவள்.

எங்கள் முறையில் தலையிலிருந்து பாதம்வரை வரிசையாகக் கைநிலைகள் சொல்லித் தருவார்கள். ஆனால் 1922இல் மிகாவோ உசுயி தொடங்கிய ஜப்பானிய மரபில் கையே இடத்தைத் தேட வேண்டும் என்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. 'ப்யோசென்' என்பார்கள். கை உடம்பின்மேல் மெதுவாக நகரும்போது எங்கே சூடு, துடிப்பு, கூச்சம் தெரிகிறதோ அங்கே நிற்கும். வரிசை என்பது புதிதாக வருபவர் பிடித்து நடக்கும் கைப்பிடி. ஆகவே உங்கள் கை உங்களுக்கு வழி காட்டுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

சூட்டைப் பற்றி ஒன்று. உடம்பு தளரும்போது கையின் ரத்தக்குழாய்கள் விரிந்து கை வெதுவெதுப்பாகும், இது யாருக்கும் நடக்கும். முதலில் உங்கள் கைநிலையில் அமர்ந்துவிட்டுப் போவதால் சூடு சீக்கிரம் வருவதில் வியப்பில்லை. அதில் அருளும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன், ஆனால் சூடு அதிகம் என்றால் சக்தி அதிகம் என்று அளக்க வேண்டாம். கை குளிர்ந்திருந்த நாளிலும் எதிரே இருப்பவர் நிம்மதியாகத் தூங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் அக்காவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். திடீரென்று வரும் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், வாந்தி, கை கால் பலவீனம் இருந்தால் கையை எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அப்புறம், உங்கள் தனிப்பட்ட கைநிலையை அக்காவுக்கோ வேறு யாருக்கோ மருந்துபோலச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவரவர் கைக்கு அவரவர் இடம் இருக்கிறது.

---

நிழல்கொடி

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை கையை அதன் போக்கில் விட்டேன், மனம் லேசானது. ஆதி முத்திரை பற்றிப் படித்திருந்தாலும் இந்தத் தொடர்பு எனக்குத் தோன்றவே இல்லை.

மணிக்கட்டு அவர்களே, ஒரு சந்தேகம். நீண்ட நேரம் உட்கார்ந்தால் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் ஊசி குத்துவதுபோல இருக்கிறது. பிராணன் ஓடுவதன் அறிகுறி என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். எழுந்து கையை உதறினால் போய்விடுகிறது.

---

மணிக்கட்டு

சுண்டுவிரலும் மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதியும் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டீர்கள், அதனால் எனக்குச் சுலபம். அது அல்நார் நரம்பின் எல்லை. முழங்கையின் உட்புறத்தில், இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாயுமே, அந்த இடத்தில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்பு அது. முழங்கையை அதிகமாக மடித்தே வைத்திருந்தால் அது இழுபடும். உங்கள் வலது கை அடிவயிற்றில் இருக்கிறது, முழங்கை மடிந்திருக்கிறது, ஒருவேளை தொடையிலோ நாற்காலியின் கைப்பிடியிலோ ஊன்றியும் இருக்கலாம்.

பிராண அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நரம்பின் எல்லைக்குள் மட்டும் வந்து, கையை உதறியதும் மறைகிற உணர்வை நரம்பின் முறையீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மடியில் ஒரு சிறிய தலையணை வைத்து முன்கை முழுவதும் அதில் படியும்படி அமருங்கள். முழங்கை எதன்மேலும் ஊன்றக் கூடாது. வலது கையைத் தொப்புளிலிருந்து இன்னும் சற்றுக் கீழே இறக்கினால் முழங்கை கொஞ்சம் விரியும், அடிவயிற்றில் மூச்சு ஏறி இறங்குவது அங்கேயும் தெரியும். இரவில் கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

இதெல்லாம் செய்தும் சில வாரங்களில் குறையாவிட்டால், அல்லது தியானம் இல்லாத நேரத்திலும் மரத்தால், அல்லது பாட்டில் மூடி திறக்கும்போது பிடி தளர்ந்தால், நரம்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இடது கைநிலையை மாற்ற வேண்டியதில்லை.