டார்டன் நெசவு: ஒரு மஞ்சள் கோடு குறித்து உதவி வேண்டும்

நெசவறிந்த நண்பர்களுக்கு வணக்கம். நான் வசிக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கெனத் தனி டார்டன் (ஸ்காட்லாந்து மரபில் வந்த பலநிறக் கட்டத் துணி) கட்டம் உண்டு. 1953இல் பெஸ்ஸி மர்ரே வடிவமைத்த அதில் கடலுக்கு நீலமும் அலைநுரைக்கும் பாறைக்கும் வெள்ளையும் காடுகளுக்குப் பச்சையும் வருகின்றன. அதே வழியில், இங்குள்ள பெக்கிஸ் கோவ் என்ற கடலோரக் கிராமத்துப் பாறைகளின் சாம்பலையும் கடல் நீலத்தையும் கொண்டு, சென்னிமலையில் தறி நெய்த என் தாத்தாவின் நினைவாக ஒரு மஞ்சள் கோட்டையும் சேர்த்து, கம்பளி நூலில் ஒரு சால்வை நெய்ய முயல்கிறேன்.

டார்டனில் பாவின் (நெடுக்கு நூல்) நிற வரிசையே ஊடையிலும் (குறுக்கு நூல்) வர வேண்டும். ஊடை இரண்டு இழைகளுக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாகப் போய், வரிக்கு ஓர் இழை நகர்வதால், நிறங்கள் கலக்குமிடத்தில் சாய்வரி தெரியும். சிக்கலும் அங்கேதான்: இரண்டே இழையாக விட்ட மஞ்சள், சாம்பல் பட்டையின் நடுவே புள்ளி புள்ளியாகச் சிதறிவிடுகிறது. அதை நான்கு இழையாக்கலாமா, இருபுறமும் கருநீல இழை கொடுத்துத் தூக்கிக் காட்டலாமா?

தவிர, மாதிரித் துண்டில் சதுரங்கள் நீண்டு செவ்வகமாகிவிட்டன. ஊடையைத் தளர அடிக்கிறேன் போலும். அங்குலத்துக்கு 20 பாவிழை இருக்கையில் ஊடையையும் அதே எண்ணிக்கைக்குக் கொண்டுவரும் பதத்தைக் கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன். பாவு இன்னும் தறியில்தான் இருக்கிறது.