எடை குறைக்கிற ஆபரேஷன், வலிக்கு மரத்துப்போற ஊசி மட்டும் போதுமா?

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்காவுக்கு அடுத்த மாசம் மதுரையில ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையில பெரும்பகுதிய வெட்டி எடுத்து சின்னதாக்குறது, பண்ணப்போறோம். வயசு 41, எடை 112 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவுண்டு கணக்குப் போடுற பிஎம்ஐ 45. சுகர் இருக்கு, குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுண்டு டெஸ்ட்ல சொல்லி ராத்திரி மாட்டிக்கிட்டு படுக்க, மூச்சுக்குழாய்க்குள்ள காத்தத் தள்ளுற சிபாப் மிஷின் குடுத்துருக்காங்க. மயக்க டாக்டர் பாத்துட்டு, மார்ஃபின் மாதிரி மருந்தெல்லாம் முடிஞ்ச மட்டும் கொறைச்சுக்குவோம், ஓட்டை போடுற எடத்துல மரத்துப்போற ஊசி போட்டு கூடவே டாப் பிளாக்கும் குடுத்துருவோம்ண்டாரு. அதைக் கேட்டதுல இருந்து அக்கா பயந்து கெடக்கு. பல்லு புடுங்கப் போடுற ஊசியப் போட்டு வயித்த அறுப்பாகளாடாண்டு கேக்குது. சிசேரியன்ல அது பட்ட வலி கொஞ்சமில்ல, ரெண்டு நாள் பிள்ளையக் கூட தூக்க முடியல. நெசமாவே அந்த ஊசி வலியத் தாங்குமா, யாராவது பண்ணிக்கிட்டவங்க சொல்லுங்க.

தியேட்டர் டெக்னீஷியன்:
தம்பி, மொதல்ல அக்காகிட்ட இதச் சொல்லுங்க, ஆபரேஷன் முழு மயக்கத்துலதான் நடக்கும், அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. மரத்துப்போற ஊசி முழிச்சதுக்கு அப்புறம் வர்ற வலிக்கு. நான் மயக்கவியல் பக்கம் வேலை பாக்குறேன், தெனமும் பாக்குறதச் சொல்றேன். லேப்ராஸ்கோபின்னா சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்றது, அதுல அஞ்சு மில்லிமீட்டர்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் நாலஞ்சு ஓட்டைதான். வயித்துச் சுவர்ல தசை அடுக்கடுக்கா இருக்கும், தோலுக்கும் தசைக்கும் போற நரம்பு அதுல உள்ள ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஓடுது, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியக் கொண்டுபோயி அந்த இடுக்குல மருந்த விட்டா படத்துல கறுப்பா ஒரு கோடு விரியும், அதான் டாப் பிளாக். மருந்து பெரும்பாலும் புபிவகெய்ன் இல்லாட்டி ரோபிவகெய்ன். ஓட்டையில போட்டது சில மணி நேரம் நிக்கும், பிளாக் கொஞ்சம் கூடவே நிக்கும்.

ஆனா "மட்டும் போதுமா"ன்னு கேட்டீங்கன்னா, போதாது. அது வெளிச் சுவருக்குத்தான். உள்ள இரைப்பைய வெட்டி ஸ்டேப்பிள் அடிச்ச எடத்துல புடிச்சு இழுக்குற வலிக்கு அது எட்டாது, அதுக்கு பாராசிட்டமால் டிரிப், வாந்திக்கு ஊசி எல்லாம் சேத்துத்தான் குடுப்பாங்க. அப்படியும் தாங்கலைன்னா மார்ஃபின் வகைய கொஞ்சமா குடுத்து பக்கத்துலயே இருந்து கவனிப்பாங்க, வலியில தவிக்க விடமாட்டாங்க. மார்ஃபினுக்கு ஏன் பயப்படுறாங்கன்னா அது மூச்ச மந்தப்படுத்தும், ஏற்கனவே தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு அது ஆபத்து. வாந்தியும் வரும், புதுசா தச்ச வயித்த வச்சுக்கிட்டு ஓங்கரிக்கிறது கொடுமை. அதனால சிபாப் மிஷின கண்டிப்பா ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, வீட்டுல வச்சுட்டுப் போயிறாதீங்க.

இன்னொண்ணு, 112 கிலோ இருக்காங்கன்னு அந்த எடைக்கு இந்த மருந்த கணக்குப் போட மாட்டோம், உயரத்துக்கு ஏத்த எடைய வச்சுத்தான் பாப்போம். கால் சதவீத புபிவகெய்ன்ல ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் மருந்து இருக்கு, ஓட்டைக்குப் போட்டது பிளாக்குக்குப் போட்டது ரெண்டையும் கூட்டித்தான் அளவு. கூடிப்போச்சுன்னா உதடு மரக்கும், காது இரையும், அதுக்கு மேல வலிப்பு, இதயத் துடிப்புல கோளாறு வரைக்கும் போகலாம். அதுக்கு மாத்தா வெள்ளையா பால் மாதிரி ஒரு கொழுப்பு மருந்து இருக்கு, 20 சதவீதம், நாங்க தியேட்டர்லயே வச்சுருப்போம். முன்னாடி பல்லு டாக்டர்கிட்ட ஊசி போட்டப்ப ஒத்துக்காம போயிருந்தா மறைக்காம சொல்லிருங்க.

மேலூர்க்காரி:
தம்பி நான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஸ்லீவ் பண்ணுனவ. கண்ணு முழிச்சப்ப வயித்துல வலியே இல்ல, தொட்டுப் பாத்தா யாரோ வயிறு மாதிரி இருந்துச்சு. வலிச்சது வலது தோள்பட்டை! வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோளு வலிக்குதேண்டு அழுதுட்டேன், அப்புறந்தான் சிஸ்டர் சொன்னாங்க உள்ள அடைச்ச கார்பன் டை ஆக்சைடு வாயு உதரவிதானத்த உறுத்துறது தோள்ல தெரியுமாம், நடக்க நடக்க சரியாயிரும்ண்டு. சாயங்காலமே டிரிப் ஸ்டாண்டப் புடிச்சுக்கிட்டு வராண்டாவுல நடந்தேன், அந்த ஊசி மட்டும் இல்லாட்டி எந்திரிச்சுருக்கவே மாட்டேன்.

ஆனா ராத்திரி ரெண்டு மணி இருக்கும், வெட்டுன இரைப்பைய வெளிய எடுத்த பெரிய ஓட்டை இருக்குல்ல, அங்க மொளகாப்பொடி தடவுனாப்புல எரிய ஆரம்பிச்சுருச்சு. பத்து மணிக்குப் போட வேண்டிய பாராசிட்டமால், "வலி இல்லைல்ல, தூங்குறாங்கல்ல"ண்டு போடாம விட்டுட்டாங்க. எந்த ஆஸ்பத்திரிண்டு சொல்லல, மத்தபடி நல்லாத்தான் பாத்தாங்க. மறுபடி வலிய அடக்க விடிஞ்சுருச்சு. அதனால தம்பி, நீங்க கூட இருக்கப்ப எத்தன மணிக்கு எந்த ஊசிண்டு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிருங்க, வலி இல்லாட்டியும் நேரத்துக்குப் போடச் சொல்லுங்க. மரப்பு விடுறதுக்கு முன்னாடியே அடுத்த மருந்து உள்ள போயிருக்கணும்.

உசிலம்பட்டி மெடிக்கல்:
ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்கு வந்தப்புறம் வலிக்குதுன்னு கடையில டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் வாங்கிக் குடுத்துறாதீங்க. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையச் சின்னதாக்கி குடலோட இணைக்கிறது) பண்ணவங்களுக்கு இணைச்ச எடத்துல புண்ணாக்கிரும், ஸ்லீவுன்னாலும் டாக்டரக் கேக்காம வேணாம். எங்க கடைக்கு சீட்டு இல்லாம வந்து கேக்குறவங்க நெறையப் பேர், நான் குடுக்குறதில்ல. முழு மாத்திரை முழுங்க முடியாது, சிரப்பா எழுதித் தரச் சொல்லுங்க.

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேலூர் அக்கா சொன்னத அப்படியே வாசிச்சுக் காமிச்சேன், "அப்ப அறுக்கையில நான் தூங்கிக்கிட்டுத்தான் இருப்பேனா"ண்டு மூணு தடவ கேட்டுச்சு. டாக்டர்கிட்டயும் போன்ல பேசிட்டேன், பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க, கேக்காமலே போடுவோம்ண்டாரு. மூணு பந்து இருக்குற மூச்சுப்பயிற்சி டப்பா ஒண்ணு இப்பவே குடுத்து விட்டாங்க, வலி கொறைவா இருந்தாத்தான் ஆபரேஷனுக்கு அப்புறம் அத ஆழமா இழுக்க முடியுமாம். திண்ணையில உக்காந்து இழுத்துக்கிட்டு இருக்கு, ரெண்டு பந்து மேல போகுது, மூணாவது இன்னும் அசையல.