மனச்சாட்சியின் பேரில் களத்துக்குச் செல்ல மறுக்கும் வீரரைத் தண்டிக்கலாமா?

கேள்வி:
தாமே விரும்பிப் படையில் சேர்ந்த ஒருவர், குறிப்பிட்ட ஒரு போர் அநீதியானது என்று கருதிக் களத்துக்குச் செல்ல மறுத்தால், அவரைச் சிறைக்கு அனுப்புவது முறையாகுமா?

மறுமொழி 1:
முறைதான். எந்தப் போருக்குப் போவது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தால் படை நிலைக்காது. அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாப் போர்களையும் எதிர்ப்பவருக்கே விலக்கு உண்டு, ஒன்றை மட்டும் எதிர்ப்பவருக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1971-இல் கூறிவிட்டது.

மறுமொழி 2:
அந்த வேறுபாடுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு போரை மட்டும் ஆராய்ந்து மறுப்பவர், யோசித்து மறுப்பவர் அல்லவா? ஜெர்மனியில் ஒரு மேஜர், தம் பொறுப்பிலிருந்த மென்பொருள் பணி இராக் போருக்கு உதவக்கூடும் என்று சொல்லி அதைச் செய்ய மறுத்தார். துப்பாக்கியைத் தொடாத, கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை அது. பதவி இறக்கப்பட்ட அவருக்குச் சாதகமாக 2005-இல் அந்நாட்டின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே பிரிட்டனில், இராக் செல்ல மறுத்த விமானப்படை மருத்துவர் ஒருவருக்கு 8 மாதச் சிறை கிடைத்தது. காரணம் ஒன்றே, நாடுதான் வேறு.

மறுமொழி 3:
பணியிலிருந்து விலக்கலாம், சலுகைகளையும் நிறுத்தலாம். சிறை மட்டும் வேண்டாம். குற்றமான கட்டளைக்குப் பணிந்ததைத் தற்காப்பாக ஏற்க, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயம் மறுத்த பிறகு, பணிய மறுப்பவரையும் சிறையில் அடைப்பது எனக்கு முரணாகவே படுகிறது.