ஹூடிக்குக் கைக்கோடாரி வரைந்தேன், இலை என்கிறார்கள்

கேள்வி:

கறுப்பு ஹூடியின் முதுகில் அச்சடிக்க ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறேன். நடுவில் பெரிதாக ஓர் அஷூலியன் கைக்கோடாரி (பழைய கற்கால மனிதர்கள் இரு முகமும் செதுக்கிச் செய்த கற்கருவி), கூர்முனை மேலே. சுற்றிலும் ஐந்தாறு நுண்கற்கருவிகள். ஸ்க்ரீன் பிரிண்டிங், வெள்ளை மை மட்டும். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் வரைந்தேன், கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கிவிடலாம் என்று திட்டம். தம்பியிடம் காட்டினால் "இது என்ன இலை?" என்கிறான். அம்மா பாதாம் பருப்பு என்றார். நடுவில் ஒரு முகடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் கோடுகள், எல்லாம் சரியாகத்தானே போட்டிருக்கிறேன்? எங்கே தப்பு?

பதில் 1:

வரையவே வேண்டாம். நல்ல புகைப்படமாகப் பார்த்து அதையே அடித்துவிடுங்கள்.

பதில் 2:

புகைப்படம் வேண்டாம். ஒரே நிற மையில் அது வெறும் சாம்பல் திட்டாக வரும். தவிர, எடுத்தவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும்.

நான் சில வருஷம் அகழாய்வு அறிக்கைகளுக்குக் கற்கருவி வரைந்தவள். அம்மா சொன்னதில் தப்பே இல்லை, அந்த வடிவத்துக்குப் பாதாம் வடிவம் என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தம்பி சொன்னதுதான் பிரச்சினை.

நான் முதன்முதலில் வரைந்த படத்தைப் பார்த்த மூத்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தப் பக்கத்திலிருந்து அடித்தான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லில் ஓர் அடி விழுந்து செதில் பெயரும்போது, குளத்தில் கல்லெறிந்தால் வளையம் பரவுமே, அதுபோல அடிபட்ட இடத்திலிருந்து அலைகள் பரவி அப்படியே கல்லில் பதிந்துவிடும். படத்தில் நாங்கள் போடும் வளைகோடுகள் அந்த அலைகள்தான், அலங்காரம் இல்லை. கைக்கோடாரியில் அடி விழுவது ஓரத்தில். ஆகவே வளைவுகளின் மையம் ஓரத்தில் இருக்கும், விரிவது உள்நோக்கி. உங்கள் கோடுகள் நடுமுகட்டிலிருந்து கிளம்பி ஓரத்துக்குப் போகின்றன. இலை நரம்பு போகிற வழி அது.

இன்னொன்று, பிறகு பெயர்ந்த செதிலின் தழும்பு முன்பு பெயர்ந்ததன் தழும்பை வெட்டிக்கொண்டு போகும். எது எதை வெட்டுகிறது என்று முடிவு செய்துவிட்டுப் பேனாவை எடுங்கள். கல்லின் பழைய மேல்தோல் ஏதாவது மிஞ்சியிருந்தால் அங்கே கோடு வேண்டாம், புள்ளிகள்.

நிறத்தைத் தலைகீழாக்குவது மட்டும் கூடவே கூடாது. இந்தப் படங்களில் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வது வழக்கம், கறுப்புக் கோடுகள் நிழல். அதை அப்படியே வெள்ளையாக்கினால் நிழல் எல்லாம் வெளிச்சமாகிவிடும், குழிந்த தழும்புகள் புடைத்துக்கொண்டு நிற்கும். கறுப்புக் காகிதத்தில் வெள்ளைப் பென்சிலால், வெளிச்சம் படும் இடத்தை மட்டும் வரைந்து பாருங்கள்.

பதில் 3:

துணி பற்றி நான் சொல்கிறேன். ஹூடித் துணி தடிமனானது, முகப்பும் டி-ஷர்ட் அளவுக்கு வழவழப்பாக இருக்காது. மயிரிழைக் கோடும் பொடிப்புள்ளியும் அதில் அடைந்துபோகும் அல்லது விட்டுப்போகும். கோட்டைத் தடிப்பாக்கி எண்ணிக்கையைக் குறையுங்கள். அதே துணியில் ஒரு துண்டு எடுத்து முதலில் அடித்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் தொப்பி! பின்னால் தள்ளி விட்டால் முதுகின் மேல்பகுதியை அது மூடிக்கொள்ளும். கூர்முனை மேலே என்றீர்கள், படம் கழுத்தை ஒட்டி இருந்தால் அந்த முனைதான் முதலில் மறையும்.

பதில் 2:

தொப்பியை நான் யோசிக்கவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள்.

நுண்கற்கருவி பற்றியும் ஒரு வார்த்தை. அஷூலியன் வகை சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் தொடங்கியது. நுண்கற்கருவிகள் அதற்கு மிக மிகப் பிந்தியவை, பலவும் விரல்நுனி அளவுதான். ஒரே படத்தில் போடுவது உங்கள் இஷ்டம், ஆனால் கோடாரி அளவுக்கு ஊதிப் பெரிதாக்காதீர்கள். பார்த்துப் பழக, ஜான் ஃப்ரீயர் 1797-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கைக்கோடாரிகள் பற்றி எழுதிய கடிதத்தோடு 1800-இல் அச்சான படங்களைத் தேடுங்கள். காப்புரிமைத் தொல்லை இல்லாத பழைய படங்கள்.

கேட்டவர்:

இரண்டு நாள் உட்கார்ந்து முழுதாக மாற்றி வரைந்தேன். வளைவெல்லாம் ஓரத்திலிருந்து உள்நோக்கி. படத்தையும் ஒரு சாண் கீழே இறக்கிவிட்டேன். தம்பி இப்போது இலை என்று சொல்வதில்லை. ஆமை ஓடு என்கிறான்.

பதில் 2:

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல கண்! லெவல்வா முறையில், அதாவது நினைத்த வடிவில் செதில் பெயர்வதற்காக முன்கூட்டியே கொத்தித் தயார்செய்த கருக்கல்லை ஆமைக் கல் என்றுதான் பழைய ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஆனால் உங்கள் படத்தில் ஆமை தெரிகிறது என்றால் தழும்புகள் எல்லாம் ஒரே அளவில் கட்டம் கட்டமாக இருக்கின்றன என்று பொருள். நடுவில் இரண்டு மூன்றை நன்றாகப் பெரிதாக்குங்கள், ஓரத்தை ஒட்டிப் பொடிப்பொடியாகக் கொத்திவிடுங்கள். கூர்தீட்டியவன் கடைசியாகத் தட்டிய தட்டல்கள் அவை.