கோயில் கமிட்டி, சுங்கை சிப்புட்

கிராணி மாமா: திருவிழா கணக்கு பைல் இன்னிக்கும் தொறக்கல. நீல வட்டம் சுத்துது. கோப்பி கலக்கிட்டு வந்தேன், இன்னும் சுத்துது.

செல்வி: டவுன் கடையில காட்டுனீங்களா மாமா?

கிராணி மாமா: லேப்டாப் பழசு, புதுசு வாங்குங்கன்னான். 2,300 வெள்ளியாம். கோயில் காசுலயா வாங்குறது?

தலைவர்: இன்டர்நெட் லைன் மோசமா இருக்கும். மழை பேஞ்சா நம்ம பக்கம் படுத்துரும்.

குமார்: பைல் எங்க இருக்கு மாமா?

கிராணி மாமா: என் லேப்டாப்லயேதான்டா. லைனுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?

குமார்: எக்செல்ல மூடிட்டு வைபை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் தொறங்க.

கிராணி மாமா: டேய்! தட்டுனதும் வந்துருச்சு!

செல்வி: வைபை இல்லாட்டி வேகமா? கூத்தா இருக்குலா

குமார்: திஸ் பிசில இசட் டிரைவ் மேல சிவப்பு குறி இருக்கா?

கிராணி மாமா: ஆமா. அது கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரோட டிரைவுதான். இடி விழுந்து போச்சே, அந்தக் கம்ப்யூட்டரு.

குமார்: அதத்தான் உங்க லேப்டாப் இன்னும் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. பந்தல் ஷீட்ல ஒரு கூட்டல் அங்க இருந்த பைல்லேர்ந்து வருது. டீபால்ட் பிரிண்டரும் அதுல மாட்டுனதுதான். பக்கம் எங்க முடியுதுன்னு கணக்குப் போட எக்செல் பிரிண்டரக் கேக்கும். பதில் வராது, ஆனா வராதுன்னு கைவிடுற வரைக்கும் காத்துக்கிட்டே நிக்கும். வைபை இல்லன்னா கூப்பிட வழியில்லன்னு உடனே விட்டுரும்.

தலைவர்: அப்ப 100 எம்பிபிஎஸ் லைன் எடுத்தது?

குமார்: அந்த 100 பிட்டு கணக்கு, பைட்டுக்கு மாத்துனா நொடிக்கு 12.5 எம்பி வரும் அண்ணே. நம்ம பைல் 1 எம்பி கூட இல்ல. லைன் மேல தப்பே இல்ல.

செல்வி: செத்தவர் நம்பருக்கு போன் அடிச்ச கதைதான்

குமார்: மாமா, இசட் மேல ரைட் கிளிக், டிஸ்கனெக்ட். டீபால்ட் பிரிண்டர பிடிஎஃப்க்கு மாத்துங்க. டேட்டா மெனுல எடிட் லிங்க்ஸ் போயி பிரேக் லிங்க். அதுக்கு முன்னாடி பைல ஒரு காப்பி எடுத்துருங்க, வெட்டுனா பார்முலா போயி வெறும் நம்பர்தான் நிக்கும்.

கிராணி மாமா: காப்பின்னா பென்டிரைவ்லயா?

குமார்: எங்கன்னாலும் சரி மாமா. இசட்ல மட்டும் வேணாம் 😄

(அரை மணி நேரம் கழிச்சு)

கிராணி மாமா: வைபை போட்டே தொறந்தேன். 3 செகண்டு!

தலைவர்: அந்த 2,300 மிச்சம். பந்தல்காரருக்கு பாக்கி எவ்ளோ?

கிராணி மாமா: 850. செல்வி, உன் அன்னதானச் சீட்டு 40 வெள்ளி இன்னும் வரலைன்னு இருக்கே?

செல்வி: நாளைக்கு பசாருக்கு வரப்ப தரேன் மாமா 🙈