இத்தாலியில் நண்பர்களுக்குக் காபி வாங்கித் தர ‘ஓஃப்ரோ ஈயோ’வா, ‘பாகோ ஈயோ’வா?

தூரின்_மாணவி: அடுத்த மாதம் தூரினில் படிப்பு தொடங்குகிறது. கூடப் படிப்பவர்களுக்குக் காபி வாங்கித் தர என்ன சொல்வது? இத்தாலிய மொழிப் புத்தகத்தில் ‘வொர்ரெய் ஒஃப்ரீர்தி உன் கஃபே’, அதாவது ‘உனக்கு ஒரு காபி வாங்கித் தர விரும்புகிறேன்’ என்று இருக்கிறது. ‘பாகோ ஈயோ’, அதாவது ‘காசு நான் கொடுக்கிறேன்’ என்றால் போதாதா?

மிலான்வாசி: போதாது. அதில் காசு வாடை அடிக்கிறது. ‘ஓஃப்ரோ ஈயோ’, அதாவது ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லுங்கள், உபசரிக்கிற தொனி அதில்தான் இருக்கிறது. புத்தக வாக்கியம் தப்பில்லை, நண்பர்களிடம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ‘நான்’ என்கிற ‘ஈயோ’வை முன்னால் போட்டுவிடாதீர்கள். பின்னால் வந்தால்தான் நம்முடைய ‘நான்தான்’ அழுத்தம் கிடைக்கும்.

நாப்போலிக்காரன்: காசு வாடையா? பில் வந்ததும் நாலு பேர் பர்ஸை எடுக்கும்போது ‘லாஷா ஸ்தாரே, பாகோ ஈயோ’ என்பதுதான் இங்கே தினமும் காதில் விழுகிறது. ‘விடுப்பா, நான் கொடுக்கிறேன்’, அவ்வளவுதான். யாரும் முகம் சுளிப்பதில்லை.

மிலான்வாசி: நண்பர்களுக்குள் சரி. பேராசிரியரிடம் அப்படிச் சொல்வீர்களா? ‘பொஸ்ஸோ ஒஃப்ரீர்லே உன் கஃபே?’, ‘உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாமா?’ என்று மரியாதையாகக் கேட்பதுதான் முறை.

பலெர்மோ_அண்ணன்: இரண்டு பேரும் சொல்லுக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். தங்கச்சி, கதைக்கிறவன் இங்கே வெல்வதில்லை, கஸ்ஸாவுக்கு, அதாவது காசு கட்டுகிற இடத்துக்கு, முதலில் போகிறவன்தான் வெல்வான். ரயில் நிலைய பார்களில் (இங்கே பார் என்றால் காபிக் கடை) பெரும்பாலும் முன்கூட்டியே காசு கட்டி, ஸ்கொன்த்ரீனோ என்கிற ரசீதைக் கொண்டுபோய்க் காபி போடுகிறவர் முன்னால் வைக்க வேண்டும். தெருமுனை பாரில் குடித்த பிறகுதான் காசு. மற்றவர்கள் சர்க்கரை கலக்கும்போதே நழுவிப்போய்க் கட்டிவிட்டு வந்து ‘ஜா ஃபாத்தோ’ என்று சொல்லுங்கள். ‘முடிஞ்சுது’ என்று அர்த்தம். அதற்கு மேல் வாக்குவாதமே இல்லை.

தூரின்_மாணவி: நானே ஓடி ஓடிக் கட்டினால் என் பட்ஜெட் என்ன ஆவது! சமமாகப் பங்கு போடுவதை ‘அல்லா ரொமானா’ என்பார்களாமே, அது?

நாப்போலிக்காரன்: காபிக்கு அல்லா ரொமானாவா! நின்றபடி குடிக்கிற எஸ்பிரெஸ்ஸோ சுமார் ஒன்றேகால் யூரோ. அதைப் பங்கு போட்டால் சிரிப்பார்கள். பீட்சாவுக்குத் தாராளமாகப் போடலாம். இன்று அவர் வாங்கித் தந்தால் ‘லா ப்ரொஸ்ஸிமா வொல்தா ஓஃப்ரோ ஈயோ’, அடுத்த தடவை உங்கள் முறை. எங்கள் ஊரில் முகம் தெரியாதவருக்குக்கூட ஒரு காபிக்குச் சேர்த்துக் காசு கட்டிவிட்டுப் போகிற வழக்கம் உண்டு, ‘கஃபே சொஸ்பேசோ’ என்று பெயர். அந்த ஊரில் சில்லறைக் கணக்கா?

மிலான்வாசி: எல்லாரும் நாப்போலியில் இல்லையே ஐயா. இங்கே மாணவர்கள் அவரவர் காபிக்கு அவரவர் கொடுப்பதும் சாதாரணம்தான். பியர் குடிக்கப் போனால்தான் சுற்று முறை. ‘குவெஸ்தோ ஜீரோ ஓஃப்ரோ ஈயோ’, இந்தச் சுற்று என்னுடையது.

பலெர்மோ_அண்ணன்: பட்ஜெட் முக்கியம் என்றால் பிறந்தநாளை மட்டும் வெளியே சொல்லாதீர்கள், தங்கச்சி. இந்த நாட்டில் அன்றைக்குப் பிறந்தநாள்காரர்தான் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும்.